ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் ஏன் ஊளையிடுகிறது?

காரில் புதிதாக ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் பொருத்தியவர்களில் பலர் முதல் நாளே சந்திக்கும் தொல்லை இது. எஞ்சின் ஓடாதபோது பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. எஞ்சினைக் கிளப்பியதும் பாட்டோடு மெல்லிய சீழ்க்கை ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை.

கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒரு ஃபில்டர் போட்டுவிடலாம்" என்பதுதான். சில நூறு ரூபாய்க்கு ஒரு சிறிய டப்பா பவர் ஒயரில் ஏறும். சத்தம் கொஞ்சம் குறையலாம், அப்படியே இருக்கலாம், சில வண்டிகளில் கூடவும் செய்யலாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. நல்ல ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கணிசமாகச் செலவழித்தவர், ஒரு போல்ட்டின் அடியில் இருக்கும் பெயின்ட்டால் பாட்டு கேட்கும் சுகத்தையே இழந்துவிடுகிறார். இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்காமல் வாங்கும் எந்த ஃபில்டரும் வீண். அந்த வழி பெரும்பாலும் பவர் ஒயர் அல்ல, எர்த், அதாவது சாதனங்களைக் காரின் இரும்புப் பாடியோடு சேர்க்கும் இணைப்பு.

சத்தம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். காரின் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உண்மையில் மூன்று கட்ட மாறுதிசை மின்னோட்டத்தைத்தான் உற்பத்தி செய்கிறது. அதன் உள்ளேயே இருக்கும் ஆறு டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. அப்படி மாற்றிய பிறகும் அது பேட்டரியின் மின்சாரம்போல் சமமாக இருப்பதில்லை, மேலே சிறு சிறு அலைகள் மிதக்கின்றன. பன்னிரண்டு துருவம் கொண்ட வழக்கமான ஆல்டர்னேட்டர் ஒருமுறை சுற்றினால் இப்படி 36 அலைகள் எழும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் ஐடில் நிலையில், புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்தால், ஆல்டர்னேட்டர் 2000 சுற்று சுற்றும். அப்போது அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 3000 சுற்றை எட்டும்போது அது 4500 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் இந்த இரைச்சல் நேராக அந்த இடத்தில் வந்து விழுகிறது. மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும் ஒன்று இவ்வளவு எரிச்சலூட்டுவது அதனால்தான்.

எல்லா இரைச்சலும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதில்லை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தீப்பொறி அடிக்கிறது. ஐடிலில் அது வினாடிக்கு 27 தடவை, 3000 சுற்றில் 100 தடவை. ஆகவே ஸ்பார்க் பிளக்கிலிருந்து வரும் தொல்லை சீழ்க்கையாக இராது, படபடவென்ற வெடிப்பாகத்தான் கேட்கும். சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் கிளம்பும் முன்பே ஒரே சுருதியில் ரீங்காரம் வந்தால் எரிபொருள் பம்ப்பைப் பார்க்க வேண்டும். வைப்பரைப் போட்டால் மட்டும் வருவது வைப்பர் மோட்டார். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாறாமல் 'ஸ்ஸ்' என்று வருவது ஆம்ப்ளிஃபயரின் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதற்கான குமிழ், அளவுக்கு மீறித் திருகப்பட்டிருப்பதன் அடையாளம். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே இல்லை, அங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஐந்து நிமிடம் பொறுமையாகக் காதைக் கொடுத்தால் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

காரில் முதன்முதலில் ரேடியோ வைக்க முயன்றவர்களுக்கு ஆல்டர்னேட்டர் பிரச்சினை இல்லை. அன்றைய வண்டிகளில் இருந்தது டைனமோ. அவர்களை வாட்டியது தீப்பொறிதான். சிகாகோவில் கால்வின் மேனுஃபாக்சரிங் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த பால் கால்வின், 1930-இல் வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோரின் துணையோடு ஒரு கார் ரேடியோவை உருவாக்கினார். எஞ்சினிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலை ஒவ்வொரு மூலமாகக் கண்டுபிடித்து அடக்குவது அந்த வேலையின் பெரும்பகுதி. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. அதே வேவரிங் பிற்காலத்தில் மோட்டரோலாவிலேயே கார்களுக்கான ஆல்டர்னேட்டரை உருவாக்கும் பணியிலும் முக்கியப் பங்கு வகித்தார். சிலிக்கான் டயோடு கைக்கு எட்டிய பிறகு, 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான பாகமாகவே கொடுத்தது. தீப்பொறி இரைச்சலை அடக்கப் பாடுபட்ட ஒருவரின் கை, இன்று நம்மை வாட்டும் சீழ்க்கையின் மூலத்திலும் பட்டிருக்கிறது என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

தீப்பொறிப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இன்றைய ஸ்பார்க் பிளக்குகளுக்குள் ஏறத்தாழ 5000 ஓம் மின்தடை வைத்தே விற்கிறார்கள். என்ஜிகே பிளக்குகளின் பெயரிலேயே இதைக் காணலாம்: பிபி6இஎஸ் என்பது தடை இல்லாதது, பிபிஆர்6இஎஸ் என்பது தடை உள்ளது. பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பிளக் மாற்றும்போது இந்த 'ஆர்' எழுத்தைக் கவனிக்க வேண்டும். அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் வெடிப்புச் சத்தம் புகுந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பிளக் ஒயரும் கார்பன் தடை உள்ளதாக இருக்க வேண்டும். இவற்றோடு இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையில் ஒரு கன்டென்சர் இருந்தால் அந்தக் கால வண்டிக்குப் போதும். காயிலின் மற்றொரு முனையில், அதாவது காயிலின் மின்னோட்டத்தை வெட்டித் தீப்பொறி எழுப்பும் பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் போகும் முனையில், அதை மாட்டக் கூடாது.

இனி எர்த் பக்கம் வருவோம். நீண்ட நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஹெட்லைட், ஹார்ன், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர் என எல்லாச் சாதனங்களும் தங்கள் மின்னோட்டத்தைப் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகின்றன. எல்லா வீட்டுத் தண்ணீரும் வந்து சேரும் ஊர்ப் பொதுக்கால்வாய் போன்றது அது. ஓட்டம் இருக்கும் கால்வாயில் மேல்முனையின் நீர்மட்டமும் கீழ்முனையின் நீர்மட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. பாடியும் அப்படித்தான். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓர் இடத்தையும் டிக்கியில் ஓர் இடத்தையும் தொட்டு அளந்தால், இரண்டும் ஒரே இரும்பாக இருந்தும், நடுவில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். ஆல்டர்னேட்டரின் அலையும் அந்த ஓட்டத்தில் கலந்திருப்பதால், இந்த வித்தியாசமும் அதே சுருதியில் துடிக்கும்.

ஸ்டீரியோ டாஷ்போர்டில் எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஆர்சிஏ ஒயர். அதன் நடுக்கம்பி சிக்னலைச் சுமக்கிறது. சுற்றியிருக்கும் வலை சிக்னல் திரும்பி வரும் பாதை. அந்த வலையின் ஒரு முனை ஸ்டீரியோவின் எர்த்திலும் மறுமுனை ஆம்ப்ளிஃபயரின் எர்த்திலும் இணைந்திருந்தால், பாடிக்கு இணையாக இன்னொரு பாதை திறந்துவிட்டது என்று பொருள். பாடியில் ஓடவேண்டிய மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்த வலை வழியாகவும் ஓடுகிறது. வலைக்கும் தடை உண்டு, அங்கே எழும் மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபயர் பாட்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறது. கிரவுண்ட் லூப் என்று சொல்வது இதைத்தான்.

எண்களில் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். ஓர் எர்த் இணைப்பில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து 10 மில்லி ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் இந்தத் தடையைக் காணவே முடியாது, பூஜ்யம் என்றுதான் காட்டும். அதன் வழியே 1 ஆம்பியர் அளவு அலை ஓடினால் 10 மில்லிவோல்ட் எழுகிறது. ஸ்டீரியோவின் ஆர்சிஏ வெளியீடு உச்சத்தில் 2 வோல்ட் என்றால் இரைச்சல் அதில் இருநூறில் ஒரு பங்குதான். பாட்டு முழங்கும்போது அது காதில் விழாது. ஆனால் தாளங்கள் ஓய்ந்து புல்லாங்குழலோ குரலோ மட்டும் ஒலிக்கும் இடத்தில் சிக்னல் 20 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். அங்கே 10 மில்லிவோல்ட் இரைச்சல் பாட்டில் பாதி. மல்டிமீட்டரை வைத்து 'எர்த் சரியாக இருக்கிறது' என்று காட்டுபவரும், 'இரைச்சல் தாங்கவில்லை' என்பவரும் ஒரே நேரத்தில் உண்மை பேசுவது இப்படித்தான்.

ஆகவே எர்த்தைத் தடையாக அளக்கக் கூடாது, வோல்ட்டாக அளக்க வேண்டும். எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டை நெருங்கினால் வேறெதையும் தேடும் முன் அந்த இணைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

நல்ல எர்த் எப்படி இருக்கும்? வெறும் இரும்பு பளபளவென்று தெரியும் வரை பெயின்ட்டைச் சுரண்டியிருக்க வேண்டும். ஒயரின் முனையில் அழுத்திப் பொருத்திய லக் என்ற உலோக வளையம், அதன்மேல் பல்லுள்ள வாஷர், மேலே இறுக்கிய போல்ட், துருப்பிடிக்காமல் இருக்க மேலாக ஒரு பூச்சு. எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். தகரத்தை ஊடுருவும் ஸ்க்ரூவைத் திருகி அதில் ஒயரைச் சுற்றிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சில மாதங்கள் தாங்கும், குலுங்கிக் குலுங்கித் தளர்ந்த பிறகு சீழ்க்கை திரும்பிவிடும். இன்னொரு கெட்ட வழக்கம், கைக்கு எட்டுகிறது என்பதற்காகச் சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதன் அடியில் எர்த் ஒயரை மாட்டுவது. அது உயிர்காக்கும் போல்ட், குறிப்பிட்ட இறுக்கத்தில் இருக்க வேண்டியது. அதன் அடியில் ஒயரின் லக்கைச் செருகுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

அண்மைக்கால வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சிறு சென்சார் அமர்ந்திருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறது, வருகிறது என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று வண்டியின் கணினி முடிவு செய்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் அந்த மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராமல் போகும். சென்சாருக்கு அப்பால் பாடியில்தான் எர்த் எடுக்க வேண்டும்.

இரைச்சல் புகும் வழியைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சின் ஓடும்போது ஸ்டீரியோவின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சீழ்க்கை மாறாமல் இருந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகுதான், அதாவது ஆர்சிஏ ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ புகுகிறது. வால்யூமோடு சேர்ந்து அதுவும் குறைந்தால் மூலம் ஸ்டீரியோவுக்கு முன்னால் இருக்கிறது: போன், சார்ஜர், ஆன்டெனா. இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாக்கிவிடும்.

அடுத்தது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஆர்சிஏ ஒயர்களை அதிலிருந்து பிடுங்குவது. நடுக்கம்பியும் வெளிவளையமும் ஒன்றாக இணைக்கப்பட்ட ஒரு வெற்று பிளக்கை அந்த இடத்தில் செருகி, மீண்டும் இயக்குங்கள். இப்போதும் சீழ்க்கை இருந்தால் குறை ஆம்ப்ளிஃபயரின் எர்த்திலோ பவரிலோ அதனுள்ளேயோ இருக்கிறது. போய்விட்டால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. அதன்பின் சார்ஜரில் இணைக்காத போனை ஒரு கேபிள் மூலம் நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துப் பாருங்கள். சுத்தமாகக் கேட்டால் தொல்லை ஸ்டீரியோவிலோ இடையில் ஓடும் ஒயரிலோதான். வேறொரு ஆர்சிஏ ஒயரைச் சீட்டுகளின் மேலாகவே தற்காலிகமாக இழுத்துச் சோதித்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். முழுவதற்கும் அரை மணி நேரம் போதும். கடையில் பேனல்களையும் தரைவிரிப்பையும் திரும்ப மாட்டும் முன்பே இதைச் செய்யச் சொல்லுங்கள், மாட்டிய பிறகு யாருக்கும் கழற்ற மனம் வராது.

ஸ்டீரியோவில்தான் குறை என்று முடிவானால், அதைத் தூக்கிப்போடும் முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏயின் வெளிவளையத்தை உள்ளே எர்த்தோடு இணைப்பது சர்க்யூட் பலகையில் உள்ள அரிசிமணி அளவு ஃபியூஸ் ஒன்றுதான். ஸ்டீரியோ இயங்கும்போதே ஆர்சிஏயைக் கழற்றி மாட்டினாலோ, அதன் வெளிவளையம் பன்னிரண்டு வோல்ட் ஒயரைத் தொட்டுவிட்டாலோ அந்த ஃபியூஸ் எரிந்துவிடும். பாட்டு தொடர்ந்து கேட்கும், கூடவே பெருஞ்சீழ்க்கையும் வந்துவிடும். கண்டுபிடிக்க வழி எளிது. ஸ்டீரியோவை வெளியே இழுத்து, சிறிது செம்புக் கம்பியை ஆர்சிஏயின் வெளிவளையத்தில் சுற்றி, மறுமுனையை ஸ்டீரியோவின் இரும்பு உறையில் அழுத்திப் பிடியுங்கள். அந்தக் கணமே சீழ்க்கை அற்றுப்போனால் ஃபியூஸ்தான் குற்றவாளி. நன்றாகச் சால்டரிங் செய்யத் தெரிந்தவர் அதை மாற்றிவிடுவார். இந்த ஒரு சிறு ஃபியூஸுக்காக ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்சிஏயைத் தொடும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இந்தச் செலவே வராது.

பவர் ஒயரை ஒரு பக்கமும் ஆர்சிஏயை மறுபக்கமும் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், செய்யுங்கள். இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஆனால் இதற்குக் கிடைத்திருக்கும் பெயர் அதன் தகுதிக்கு அதிகம் என்பது என் கருத்து. எர்த் கெட்டிருக்கும்போது ஒயரை எந்தப் பக்கம் மாற்றினாலும் சீழ்க்கை போகாது. எர்த் நன்றாக இருந்து, ஆர்சிஏயும் முறுக்கிய ஜோடிக் கம்பியாக இருந்தால் ஒயர் போகும் பாதை இரண்டாம்பட்சம்தான்.

கெயின் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. அது வால்யூம் அல்ல. ஸ்டீரியோ கொடுக்கும் வோல்ட் அளவுக்கும் ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்க்கும் அளவுக்கும் பொருத்தம் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. சத்தம் வேண்டும் என்று அதைக் கடைசி வரை திருகினால் ஆர்சிஏயில் இருக்கும் இரைச்சலும் அதே அளவு பெருகும். 2 வோல்ட் வெளியீட்டுக்குப் பதில் 4 வோல்ட் வெளியீடு உள்ள ஸ்டீரியோ இருந்தால் கெயினைப் பாதியாகக் குறைக்கலாம், இரைச்சல் 6 டெசிபல் இறங்கும். பணம் செலவழிக்கும் எண்ணம் இருந்தால் ஃபில்டரைவிட இதற்குச் செலவழிப்பது மேல்.

கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவை வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் மட்டும் சேர்ப்பவர்கள் இப்போது அதிகம். அவற்றில் பெரும்பாலும் ஆர்சிஏ இருக்காது, ஸ்பீக்கர் ஒயரிலிருந்துதான் சிக்னல் எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டில் எதுவும் எர்த் அல்ல. இரண்டிலுமே பேட்டரியின் பாதி அளவு, சுமார் 6 அல்லது 7 வோல்ட், நின்றுகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை நெகட்டிவ் என்று எண்ணிப் பாடியோடு இணைத்தால் சத்தம் கெடுவதோடு ஸ்டீரியோவின் உள் ஆம்ப்ளிஃபயரும் புகைந்துவிடலாம். ஸ்பீக்கர் அளவு சிக்னலை நேராக ஏற்கும் உள்ளீடு இருக்கும் ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள். அந்த உள்ளீடு இரு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும், இரண்டிலும் பொதுவாக வரும் இரைச்சலை ஒதுக்கிவிடும். சிக்னலும் இங்கே பல வோல்ட் அளவில் வருவதால், 10 மில்லிவோல்ட் இரைச்சலுக்கு அதன் முன் நிற்கும் வலு இராது.

கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கடைகளில் விற்கும் டப்பா எப்போது உதவும்? அதற்குள் இருப்பது சிறிய டிரான்ஸ்ஃபார்மர். சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிச் செல்லும், இரு பக்கத்து எர்த்தும் ஒன்றையொன்று தொடாது. கொள்கையளவில் நல்ல தீர்வுதான். ஆனால் மலிவான ஐசொலேட்டரின் இரும்புக்கரு மிகச் சிறியது. தாழ்ந்த ஒலிகளை அதனால் முழுமையாகக் கடத்த முடியாது. சப்வூஃபருக்குப் போகும் லைனில் அதைப் போட்டால் எதற்காகச் சப்வூஃபர் வாங்கினோமோ அதுவே மெலிந்துவிடும். எல்லா வழியும் பார்த்த பிறகு கடைசிப் புகலிடமாக வைத்துக்கொள்ளலாம். பவர் லைனில் போடும் ஃபில்டரும் அப்படித்தான். ஸ்டீரியோவுக்கான சில ஆம்பியர் லைனில் அது பயன்படலாம். பல பத்து ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபயரின் லைனில் அந்தச் சிறு சுருளுக்கு இடமில்லை, அது சூடாகி வோல்ட்டைத்தான் குறைக்கும்.

போன் சார்ஜர் தனிக்கதை. ஆக்ஸ் கேபிளில் பாட்டு கேட்டுக்கொண்டே அதே போனைச் சார்ஜரில் செருகினால் பல கார்களில் சீழ்க்கை வந்துவிடும். சார்ஜர் ஓரிடத்திலும் ஸ்டீரியோ வேறிடத்திலும் எர்த் ஆகியிருக்க, இரண்டையும் போன் இணைத்துவிடுகிறது. மேலே பார்த்த அதே லூப்தான், டிக்கிக்குப் பதில் இந்த முறை கையளவில் நடக்கிறது. ஐசொலேட்டர் பொருத்தமாக அமைவது இந்த இடத்தில்தான். புளூடூத்தில் கேட்டாலும் தீர்ந்துவிடும். ஆனால் ஆக்ஸில் செருகும் புளூடூத் ரிசீவரை யூஎஸ்பி சார்ஜரில் மாட்டினால் மறுபடி அதே லூப் உருவாகும்.

எஃப்எம் நிலையங்கள் மட்டும் கரகரத்தால் தேட வேண்டிய இடம் வேறு. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக்கும் சார்ஜர், வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் அதைச் செய்கிறது. கவசமும் ஃபில்டரும் மிச்சம் பிடித்துச் செய்த மலிவுச் சார்ஜரிலும் டாஷ் கேமராவிலும் இந்த வெட்டின் மடங்குகள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டிவிடும். எல்இடி ஹெட்லைட் பல்புகளும் இதே குற்றத்தைச் செய்கின்றன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். நல்ல சார்ஜராக மாற்றுவதே சரியான தீர்வு. கேமரா ஒயரை ஆன்டெனா ஒயரிலிருந்து விலக்குவதும், ஒயர்மீது ஃபெர்ரைட் வளையத்தைப் பூட்டுவதும் ஓரளவு உதவும். எல்லாவற்றையும் பிடுங்கியும் எஃப்எம் தேறவில்லை என்றால், வேறு ஸ்டீரியோ மாற்றியபோது ஆன்டெனாவில் உள்ள சிறு பெருக்கிக்கு மின்சாரம் கொடுக்க மறந்திருப்பார்கள். அது இரைச்சல் அல்ல, சிக்னலே போதவில்லை.

ஆல்டர்னேட்டரே பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆறு டயோடுகளில் ஒன்று போனாலும் பேட்டரி ஏதோ சார்ஜ் ஆகிக்கொண்டுதான் இருக்கும், அலை மட்டும் பல மடங்கு பெரிதாகிவிடும். பல வருடம் அமைதியாக இருந்த வண்டியில் திடீரென்று சீழ்க்கை தொடங்கினால் இதை நினைவில் கொள்ள வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால், நல்ல நிலையில் 0.1 வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டும். அரை வோல்ட்டை எட்டினால் எலக்ட்ரீஷியனிடம் போகும் நேரம் வந்துவிட்டது. அங்கே சிலர் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது' என்று காட்டுவார்கள். டைனமோ காலத்து வழக்கம் இது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி விலகிய கணத்தில் எழும் மின் அழுத்தம் நூறு வோல்ட்டை நெருங்கக்கூடும். ஸ்டீரியோவும் எஞ்சின் கணினியும் ஒரே நொடியில் போய்விடலாம்.

மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஒரு டிசி கன்வர்ட்டர். ஏறி இறங்கும் அந்தப் பழைய சீழ்க்கை அங்கே இல்லை. ஆனால் மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர், பல நூறு வோல்ட்டையும் பல நூறு ஆம்பியரையும் வெட்டி வெட்டி அனுப்புவதால், அதன் மடங்குகள் ஏஎம் ரேடியோவின் மத்திய அலை வரிசைக்குள் விழுகின்றன. பிஎம்டபிள்யூ, டெஸ்லா போன்ற நிறுவனங்கள் சில மின்சாரக் கார்களில் ஏஎம் ரேடியோவையே நீக்கியதற்குச் சொன்ன காரணம் இதுதான். ஃபோர்டும் அந்த வழியில் போக அறிவித்துவிட்டு, அவசரகால எச்சரிக்கைகள் ஏஎம் வழியாகத்தான் மக்களைச் சென்றடைகின்றன என்று அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2023-இல் பின்வாங்கியது. எல்லாக் கார்களிலும் ஏஎம் கட்டாயம் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதாவும் கொண்டுவரப்பட்டது. தொழில்நுட்பத்தால் முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கவசமும் ஃபில்டரும் போட்டால் முடியும், அதற்குக் கொஞ்சம் எடையும் செலவும் கூடும், அவ்வளவுதான். 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலியைக் கேட்டபடி வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்சாரக் கார் வாங்கப் போகிறவர் டெஸ்ட் டிரைவின்போது ஏஎம்மைப் போட்டு, வேகத்தைக் கூட்டியும் பிரேக் பிடித்தும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிய பிறகு ஆம்ப்ளிஃபயர் சேர்க்க நினைத்தால் பன்னிரண்டு வோல்ட் பக்கத்தில் மேலே சொன்ன எர்த் விதிகள் அத்தனையும் அப்படியே பொருந்தும். உயர் அழுத்தப் பக்கம் பாடியோடு தொடர்பே இல்லாமல் தனித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு உறை போட்ட அந்தக் கேபிள்களை ஒயர் இழுக்க வருகிறவர் தொடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.